பூட்டு கேட்ட சம்பளம்

அத்தியாயம் 17

போன வாரம் பூட்டு, அவள் அண்ணன், அம்மா மூன்று பேரையும் சாப்பாட்டு மேசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தோம். ஒரு வாரமாகவா அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அவர்களுக்கு ஒரு ராத்திரிதான் கழிந்திருக்கிறது.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பூட்டு என்பது முப்பத்தொரு வயதுப் பெண். நகரத்துப் பெண்கள் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர். "பந்தெல்லாம் உள்ள போகாது, பூட்டியிருக்கு" என்று எப்போதோ கூட்டத்தில் ஒருவர் கத்தப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டை முதுகில்கூட அதுதான் இருக்கிறது. கிளப் நாலு வருஷத்தில் மூன்று கோப்பை வாங்கியிருக்கிறது என்றால் பாதிப் புண்ணியம் அவள் கைக்கு.

அந்தக் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. கோப்பை வென்ற அன்றே, மைதானத்தின் நடுவிலேயே, அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஒருத்தி குனிந்து முதுகைக் காட்டுவாள். இன்னொருத்தி அதன்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவாள். போட்டோவுக்கு அழகாக இருக்கும். இருபதாயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எவள் ஏழு பக்கம் படிப்பாள்?

இந்த வருஷம் பூட்டு காகிதத்தை வாங்கி, மடித்து, கையுறைக்குள் செருகிக்கொண்டு, "வீட்ல போய்ப் படிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜருக்கு நன்றாகப் புரிந்தது.

படித்தாள். இப்போது வாங்குவதைப்போல இரண்டரை மடங்கு வேண்டும், மூன்று வருஷத்துக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். இந்தச் சமயம் பார்த்து, பக்கத்து நகரத்துக் கிளப் பெரிய சம்பளம் சொல்லி அவளைக் கூப்பிட்டு எழுதிய கடிதம் போட்டோவாக ஊர் முழுக்கக் கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்தது. யார் வெளியே விட்டது என்று தெரியவில்லை. நன்றி கெட்டவள், பேராசை பிடித்தவள் என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ரசிகர் மன்றம் கண்டன அறிக்கையே விட்டது. அதில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டவர் ஒரு சிட்டி பஸ் டிரைவர். பூட்டின் கூடப்பிறந்த அண்ணன்.

பழைய ஒப்பந்தம் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் கிளப் இறங்கி வரவில்லை என்றால் பூட்டு பிறந்து வளர்ந்த நகரத்தை விட்டு, எதிரணிச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பது மேனேஜருக்குத் தெரிந்துவிடக் கூடாது.

* * *

காலையில் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். காக்கி உடுப்பு போட்டுக்கொண்டு, பஸ் டிப்போவுக்குக் கிளம்புகிற நேரம்.

"பாப்பா, ஒரு யோசனை சொல்றேன். கோவப்படாத."

முப்பத்தொரு வயதானாலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"அறிக்கையில கையெழுத்துப் போட்டவரு யோசனையும் சொல்றாரா? சொல்லு."

"அம்மாவுக்கு ஆபரேஷன், அதுக்குத்தான் பணம் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஊரே அடங்கிடும். நாளைக்கே உனக்காக அழுவாங்க."

அம்மா கையில் டீ டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"எனக்கு என்னடா கேடு? குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். ஆபரேஷனாம். எங்க பண்ணுவ, சொல்லு பார்க்கலாம்."

"பேச்சுக்குத்தான்மா. சும்மா, முட்டியில..."

"என் முட்டியைப் பத்தி உன் மன்றத்துல தீர்மானம் போட்டுட்டீங்களா?"

பூட்டு சிரித்துவிட்டாள். மூன்று நாளாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி சம்பளம் கூட்டிக் கேட்டு நீங்க ஒன்பது நாள் பஸ்ஸை எடுக்கல. ஊரே உங்களை வாரித் தூத்திச்சு. டிப்போ வாசல்ல உன்கூட வந்து நின்னது யாரு?"

"அது வேற பாப்பா. எங்களுக்கு வாடகைக்கே பத்தல. நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, உனக்குப் பத்தலையா?"

"பத்துது. பத்தாதவங்க மட்டும்தான் கேக்கணும்னு யார் சொன்னா?" அவள் வலது கையை நீட்டினாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்காமல் நின்றன. "நீ அம்பத்தெட்டு வரைக்கும் ஸ்டியரிங் பிடிப்ப. எனக்கு மிஞ்சி மிஞ்சிப் போனா நாலு வருஷம். மூணு கோப்பைக்கும் கையைக் கொடுத்தேன். அதுக்கு விலை கேட்டா பேராசையா?"

அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாசலில் ஒரு நிமிஷம் நின்று எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போனதை அம்மா கவனித்தாள். பெற்றவள் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது.

* * *

அம்மாவுக்கு வேலை மைதானத்துக்கு எதிரே இருக்கிற ஜெர்சி கடையில். சட்டையில் பெயரும் எண்ணும் பதிக்கிற சூட்டு மெஷின் அவள் பொறுப்பு. வருகிறவர்களுக்கு அவள் வெறும் பிரஸ் அம்மா. பூட்டைப் பெற்றவள் என்று கடைக்காரருக்குத் தெரியும், இன்னும் நாலு பேருக்குத் தெரியும், அவ்வளவுதான். தன் மகள் பெயரைத் தானே ஆயிரக்கணக்கான முதுகில் பதித்துவிட்டு, ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டதில்லை.

இன்று கடை வாசலில் வரிசை நின்றது. வழக்கமான வரிசை இல்லை. எல்லார் கையிலும் ஏற்கனவே பெயர் பதித்த பழைய சட்டை.

"பேரை எடுத்துடணும்" என்றார் முதலில் நின்றவர். லிஃப்ட் மெக்கானிக். அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டின் பையில் கம்பெனி முத்திரை இருந்தது.

பெயரை எடுப்பதற்குக் கடையில் ஒரு முறை உண்டு. அம்மா சூடு காட்டுவாள். எழுத்து இளகியதும் சட்டைக்குச் சொந்தக்காரர்தான் ஓரத்தைக் கிள்ளி உரிக்க வேண்டும். துணி கிழிந்தால் அப்புறம் கடைக்காரரோடு சண்டைக்கு வரக் கூடாது பாருங்கள், அதற்காக.

அம்மா சட்டையை மெஷினில் விரித்தாள். பூட்டு என்ற எழுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது.

"என்ன கோவம் அந்தப் பொண்ணு மேல?"

"கோவம் இல்லம்மா, வருத்தம். நம்ம ஊரு பொண்ணுன்னு தலையில வச்சு ஆடினோம். அது காசைப் பார்த்துட்டு ஓடுது. இவங்களுக்கு அள்ளிக் கொடுத்துட்டு டிக்கெட் விலையை ஏத்துவாங்க. அது யாரு தலையில விடியும்? என் தலையில."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு டிக்கெட் வாங்குகிறவர். அம்மாவுக்கும் அது புரிந்தது.

"டிக்கெட் விலை போன வருஷமும் ஏறிச்சே. அப்ப அவ பழைய சம்பளம்தான் வாங்கினா. அப்ப யாரைத் திட்டினீங்க?"

மெக்கானிக் டி-ஷர்ட் பையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அது இருக்கட்டும்" என்றாள் அம்மா. "போன வருஷம் சட்டை பதிக்க வந்தப்ப நீங்க நீலக் கலர் கம்பெனி டி-ஷர்ட்ல இருந்தீங்க. இப்ப சாம்பல் கலரு. கம்பெனி மாறிட்டீங்களா?"

துணியோடு இருபது வருஷம் புழங்குகிறவள். ஆளை மறந்தாலும் சட்டையை மறக்க மாட்டாள்.

"ஆமா. அங்க பன்னண்டு வருஷம் இருந்தேன். இங்க கொஞ்சம் கூட்டித் தர்றேன்னாங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"சூடு ஏறிடுச்சு" என்றாள் அம்மா. "உரிக்கறதுன்னா உரிச்சுக்குங்க."

அவர் எழுத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். உரிக்கவில்லை. எடுக்கவும் இல்லை.

* * *

மேனேஜர் அறை மூன்றாவது மாடியில். சுவர் பூராவும் கோப்பைப் படங்கள். அதில் பாதியில் பூட்டு அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்திருக்கிறவளோடுதான் பேரம்.

"வாம்மா, உக்காரு. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்."

"நமக்குள்ள என்னம்மா பேரம்? இது உன் வீடு மாதிரி."

"வீடுன்னாலும் வாடகை ரசீது கேக்கலாம் இல்ல சார்."

மேனேஜர் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு முன்னால் சாய்ந்து குரலைத் தணித்தார்.

"ரெண்டு மடங்குக்கு மேல போறது கஷ்டம். ஆனா போர்டுல பேசிப் பார்க்கறேன். நீ ஒரு உதவி பண்ணணும். கீழ பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. அம்மாவுக்கு ஆபரேஷன், அதுக்குத்தான் பணம் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஊரே அடங்கிடும். நாங்க மனசு இரங்கிக் கொடுத்த மாதிரி இருக்கும். உனக்கும் நல்ல பேரு, எங்களுக்கும் நல்ல பேரு."

பூட்டு அவரையே பார்த்தாள். காலையில் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதை முகத்தில் காட்டவில்லை. பெனால்டி அடிக்க ஓடி வருகிறவளிடம் எந்தப் பக்கம் பாயப்போகிறோம் என்று காட்டாமல் நின்று பழகிய முகம் அது.

"சார், கோல் போடறவளுக்கு நான் வாங்கறதைப்போல ரெண்டு பங்கு தர்றீங்க. தாங்க, அவ நல்லா ஆடறா. அவ போன மாசம் புது கார் வாங்கினா. அவ அம்மாவுக்கு என்ன வியாதின்னு யாராவது கேட்டீங்களா?"

"அது வந்து..."

"எனக்கு மட்டும் ஏன் சார் ஒரு வியாதி வேணும்?"

மேனேஜர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"ரெண்டரை மடங்கு. மூணு வருஷம். முடியலைன்னா பரவாயில்ல. அந்தக் கிளப் ஆபீஸ் இங்க இருந்து ரெண்டு மணி நேரம். ராத்திரிக்குள்ள போய்ச் சேந்துடுவேன்."

எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். படியில் இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் பார்க்கவில்லை.

* * *

கீழே பத்துப் பன்னிரண்டு மைக் முகத்துக்கு நேராக நீண்டன.

"ஊர் முழுக்க உங்களைத் திட்டுது. இவ்வளவு பணம் யாருக்காகக் கேட்டீங்க?"

"எனக்காக."

கேட்டவர் மைக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

"நான் நல்லா விளையாடறேன்" என்றாள் பூட்டு. "அது உங்களுக்கும் தெரியும், கிளப்புக்கும் தெரியும். நல்ல வேலைக்கு நல்ல கூலி கேட்டேன். எங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு சொல்லச் சொன்னாங்க. எங்கம்மா நல்லா இருக்காங்க. ஆஸ்பத்திரி கட்டப் போறேன்னு சொன்னா கைதட்டுவீங்க. நான் கட்டப் போறதில்ல. எனக்கு ஒரு வீடு வாங்கணும். கை ஓய்ஞ்ச பிறகு யார்கிட்டயும் போய் நிக்காம இருக்கணும். இதுல எங்கம்மா எங்க வந்தாங்க?"

எதிரே ஜெர்சி கடையில் வரிசை மொத்தமும் இதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் கைபேசியைச் சுற்றி எட்டுத் தலைகள்.

"அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள் பிரஸ் அம்மா.

எட்டுத் தலையும் திரும்பியது. யார் முகத்திலும் ஈயாடவில்லை. மெக்கானிக் சட்டையையும் மெஷினையும் அந்த அம்மாள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா?"

"நானேதான். முட்டி நல்லா இருக்கு. பார்க்கணுமா?"

முதலில் சிரித்தது பின்னால் நின்ற அதே பெண். "நானும் சொல்லிடறேன். ஸ்கூல்ல வேலை பார்க்கறேன், பதினாலு வருஷமா சம்பளம் கூட்டிக் கேக்கணும் கேக்கணும்னு நினைச்சு ஒரு தடவையும் கேக்கல. இந்தப் பொண்ணு கேட்டதும் எனக்கு ஏன் எரிஞ்சுதுன்னு இப்பத்தான் தெரியுது." அவள் சட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினாள்.

சில பேர் நின்றார்கள், பிடிவாதமாகப் பெயரை உரித்துக்கொண்டும் போனார்கள். அம்மா அவர்களுக்கும் சரியாகத்தான் சூடு காட்டினாள். வேலை என்றால் வேலை. மெக்கானிக் மட்டும் சட்டையைத் தட்டிக் கொடுத்து, "ஓரம் லேசா கிளம்பிடுச்சு, திரும்ப அமுக்கித் தர்றீங்களாம்மா?" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ள முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மாடிப் படியையும் இரண்டிரண்டாகத் தாவி மேனேஜர் இறங்கி வந்தபோது மணி நாலு. மூச்சு வாங்கியது. கையில் புதிய காகிதம்.

"ரெண்டரை மடங்கு. மூணு வருஷம். போர்டு ஒத்துக்கிச்சு. கையெழுத்துப் போடும்மா, கேமராவெல்லாம் ரெடியா இருக்கு."

பூட்டு காகிதத்தை வாங்கினாள். படியிலேயே உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

கேமராக்கள் காத்திருந்தன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு போட்டோக்காரர் கால் வலித்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அடிபட்டு ஆறு வாரத்துக்கு மேல ஆடலைன்னா பாதிச் சம்பளம்னு இருக்கே?"

"அது எல்லாருக்கும் உள்ளதுதான்மா. எப்பவும் இருக்கு."

"இருந்திருக்கும். நான் இப்பத்தான் படிக்கறேன்." மடங்காத இரண்டு விரலோடு பேனாவைப் பிடித்து அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். "பக்கத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். கேமராக்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வார்? நாலு நாற்பத்தைந்துக்குப் பூட்டு கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். தெருவில் யாரோ கைதட்டினார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சிலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு அதுவும் சம்மதம்தான். இந்தச் சந்தோஷம் யாரும் கொடுத்ததல்ல, அவளாகக் கேட்டு வாங்கியது.

* * *

அண்ணன் ஓட்டுகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும். பூட்டு முன்பக்கமாக ஏறி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பயணிகள் கிசுகிசுத்தார்கள். அண்ணன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சிவப்பு விளக்கில் பஸ் நின்றது.

"அந்த லெட்டரைப் போட்டோ எடுத்துப் போட்டது நான்தான் பாப்பா."

"தெரியும்."

"எப்படி?"

"போட்டோ ஓரத்துல நம்ம வீட்டு மேசை விரிப்பு தெரியுது. நான் எடுக்கல. அம்மாவுக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது. மிச்சம் யாரு?"

"பெருமைக்குத்தான் போட்டேன். என் தங்கச்சிக்கு எவ்வளவு தர்றாங்க பாருங்கடான்னு. அரை மணி நேரத்துல எல்லாரும் திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அழிக்கறதுக்குள்ள ஊர் பூரா போயிடுச்சு." அவன் கியர் குமிழைத் தடவினான். "நான்தான்னு தெரிஞ்சுடுமோன்னு பயந்து அறிக்கையில கையெழுத்துப் போட்டேன். நேத்து மேனேஜர் கூப்பிட்டு ஆபரேஷன் கதையைச் சொல்லச் சொன்னாரு. அதுக்கும் தலையை ஆட்டினேன்."

பூட்டுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் போட்டோவைப் போட்டபோது அவன் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"பெருமைக்குப் போட்டதை மன்னிச்சுட்டேன். கையெழுத்துப் போட்டதை இன்னும் இல்ல."

"சரி" என்றான் அண்ணன். விளக்கு பச்சைக்கு மாறியது.

கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை அணைத்துவிட்டு அவன் கைபேசியை எடுத்தான். மன்றக் குழுவில் அவனே தட்டி அனுப்பினான்: கடிதத்தை வெளியே விட்டது நான். அறிக்கையில் என் கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன். செயலாளர் பதவி வேண்டாம். ஒன்பது நாள் பஸ்ஸை நிறுத்தியவனுக்கு என் தங்கையைக் குறை சொல்ல வாயில்லை.

பூட்டு அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "வா, அம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னாள்.

கடை வாசலில் மறுபடி ஒரு வரிசை. அண்ணன் முன்னால் வந்து, "இன்னும் உரிக்கறாங்களா?" என்று பல்லைக் கடித்தான்.

பெயர் உரிக்க வந்தவர்கள் இல்லை. பூட்டோடு ஆடுகிறவர்கள். பாதுகாப்பு ஆட்டக்காரிகள் நாலு பேர், நடு ஆட்டக்காரிகள், மாற்று கோல்கீப்பர். பதினோரு பேர் கையிலும் மடித்த ஒப்பந்தக் காகிதம். முன்னால் நின்றவள் கோல் போடுகிறவள், இன்று மாலை வரை அணியிலேயே அதிகச் சம்பளக்காரி. போன வாரம் டி.வி.யில் "எனக்கு அணிதான் முக்கியம், காசு இல்ல" என்று பூட்டைக் குத்திப் பேசியவளும் அவளேதான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ அஞ்சாம் பக்கத்துல எதையோ அடிச்சதை டி.வி.ல பார்த்தேன்" என்றாள் அவள். "எனக்கு மார்ச்சுல முட்டி போய் ரெண்டு மாசம் படுத்திருந்தேன். பாதிச் சம்பளம்தான் வந்துச்சு. ஏன்னு கேக்கவே இல்ல. என்னோடதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியாது."

டி.வி.யில் பேசியதற்குப் பூட்டு ஏதாவது திருப்பிக் கொடுப்பாள் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவளுக்கும் நாக்கு நுனி வரை வந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வாங்க எல்லாரும். முதல் பக்கத்துல இருந்து படிக்கலாம்."

அம்மா மெஷினை அணைத்து மேசையைத் துடைத்துவிட்டாள். பதினோரு காகிதமும் அதன்மேல் விரிந்தன. பூட்டின் கைபேசி அடித்தது. திரையில் மேனேஜர் பெயர். அவள் படிப்பதில் இருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. அண்ணன்தான் எடுத்தான்.

"அவங்க படிச்சிட்டு இருக்காங்க சார்" என்றான். மறுமுனையில் மேனேஜர் என்னவோ கேட்டார். அண்ணன் கடைக்குள் ஒரு தடவை கண்ணை ஓட்டினான்.

"இல்ல சார், தங்கச்சி மட்டும் இல்ல. பதினோரு பேரும்."